கேபிளும் வைஃபையும் சேர்ந்தால் பில்லிங் சர்வர் ஏன் காணாமல் போகிறது?

கேள்வி இதுதான். மொத்த வியாபாரக் கடை ஒன்றில் விண்டோஸ் 11 கணினி இருக்கிறது. அதன் கேபிள், பழைய ஸ்விட்ச் ஒன்றின் வழியாக 192.168.1.10 என்ற முகவரியில் உள்ள பில்லிங் சர்வருக்கும் ஒரு பிரிண்டருக்கும் போகிறது. மின்னஞ்சலுக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் இணையம் தேவைப்பட்டதால், புதிதாக வந்த ஃபைபர் ரௌட்டரோடு இணைவதற்கு யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். வைஃபையை இணைத்தால் இணையம் வருகிறது, பில்லிங் சர்வர் போய்விடுகிறது. துண்டித்தால் சர்வர் திரும்ப வந்துவிடுகிறது. சில நாட்களில் மட்டும் வைஃபை இணைந்திருந்தும் பில்லிங் ஓடுகிறது. இரண்டு முறை அடாப்டரை மாற்றியாயிற்று. ஒரு முறை விண்டோஸையே புதிதாக நிறுவியாயிற்று. கேபிள் பக்கம் கையால் எழுதிய முகவரி 192.168.1.5, கேட்வே (வெளி நெட்வொர்க்குகளுக்குப் போகும் வாசல்) 192.168.1.1. வைஃபை பக்கம் ரௌட்டர் கொடுத்த முகவரி 192.168.1.37, கேட்வே அங்கும் 192.168.1.1. எதை மாற்ற வேண்டும்?

அடாப்டரில் பழுது இல்லை, விண்டோஸிலும் இல்லை. நீங்கள் கடைசியாகக் கொடுத்த அந்த நான்கு முகவரிகளில்தான் சிக்கல் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு நெட்வொர்க்குகள் 192.168.1 என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் இன்னும் பத்து அடாப்டர் வாங்கிச் செருகினாலும் இதே கதைதான் நடக்கும்.

“பில்லிங் என்றால் கேபிள், இணையம் என்றால் வைஃபை” என்று கணினிக்குத் தெரியும் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கணினிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. எந்த மென்பொருள் அனுப்புகிறது என்பதையோ எதற்காக அனுப்புகிறது என்பதையோ அது பார்ப்பதில்லை. போய்ச் சேர வேண்டிய முகவரி என்ன என்று மட்டும் பார்த்து, தன்னிடம் உள்ள வழி அட்டவணையில் அந்த முகவரிக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் வரியைத் தேடி, அந்த வரி காட்டும் அடாப்டரில் அனுப்பிவிடும். “12, காந்தி தெரு” என்று மட்டும் எழுதி, ஊர்ப் பெயர் எழுதாமல் தபாலில் போட்ட கடிதம் போன்றது உங்கள் நிலை. உங்கள் இரண்டு ஊர்களிலும் காந்தி தெரு இருக்கிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். எதையும் மாற்றுவதற்கு முன் பார்த்தே ஆக வேண்டும். வைஃபையும் கேபிளும் இணைந்திருக்கும்போது கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ரூட் பிரிண்ட்’ (route print) என்ற கட்டளையைக் கொடுங்கள். (கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) நீளமாக ஓடும் பட்டியலில் ஐபிவி4 பகுதியில் நான்கு வரிகள்தான் நமக்கு முக்கியம். நீங்கள் சொன்ன விவரப்படி அவை ஏறக்குறைய இப்படி இருக்கும். வரிசை: இலக்கு, மாஸ்க் (முகவரியில் எத்தனை பகுதி பொருந்த வேண்டும் என்று சொல்வது), கேட்வே, எந்த அடாப்டர், மெட்ரிக் (முன்னுரிமை எண்).

0.0.0.0 — 0.0.0.0 — 192.168.1.1 — 192.168.1.5 — 291
0.0.0.0 — 0.0.0.0 — 192.168.1.1 — 192.168.1.37 — 30
192.168.1.0 — 255.255.255.0 — ஆன்-லிங்க் — 192.168.1.5 — 291
192.168.1.0 — 255.255.255.0 — ஆன்-லிங்க் — 192.168.1.37 — 286

கடைசி இரண்டு வரிகளைப் பாருங்கள். 192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் கேபிள் வழியாகவும் நேரடியாகக் கிடைக்கும், வைஃபை வழியாகவும் நேரடியாகக் கிடைக்கும் என்று அட்டவணை சொல்கிறது. இரண்டும் சமமாகப் பொருந்தும்போது மெட்ரிக் குறைவான வரி வெல்லும். 286 வென்றது. ஆக, 192.168.1.10-க்குப் போக வேண்டிய பில்லிங் தகவல் வைஃபையில் போகிறது. ஃபைபர் ரௌட்டர் பக்கம் அப்படி ஒரு சர்வரே இல்லை. “192.168.1.10 யார்?” என்று கணினி வைஃபையில் கூவிக் கேட்கிறது, பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இதே நேரத்தில் சர்வரைப் பிங் (ping, ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று சோதிக்கும் கட்டளை) செய்து பாருங்கள். “ரிப்ளை ஃப்ரம் 192.168.1.37: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்” என்று வரும். இந்த ஒரு வரியில் பலர் ஏமாந்துபோகிறார்கள். “ரிப்ளை” என்ற சொல் இருக்கிறது; கீழே கணக்கில் “லாஸ்ட் = 0” என்றும் காட்டுகிறது. அதனால் சர்வர் பதில் சொல்கிறது, மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பதிலைச் சொன்னது யார் என்று படியுங்கள்: 192.168.1.37. அது உங்கள் கணினியின் சொந்த வைஃபை முகவரி. “நான் வைஃபை வழியாகத் தேடினேன், கிடைக்கவில்லை” என்று உங்கள் கணினியே உங்களிடம் சொல்கிறது. எந்த அடாப்டர் தவறாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சில நாட்களில் மட்டும் வேலை செய்வதற்கும் விடை அந்த மெட்ரிக்கில்தான் இருக்கிறது. மெட்ரிக்கை நீங்கள் எழுதாவிட்டால் விண்டோஸ் இணைப்பின் வேகத்தைப் பார்த்துத் தானே ஓர் எண் போடும். 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் இணைந்த கேபிளுக்கு 25, 100 எம்பிபிஎஸ் கேபிளுக்கு 35. வைஃபைக்குத் தனிக் கணக்கு: 500 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் 2 ஜிபிபிஎஸ் வரை 30, 200 முதல் 500 வரை 35, அதற்குக் கீழே 40, 45 என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் பழைய ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ் வகை என்றால் கேபிளுக்கு 35. வைஃபை 866 எம்பிபிஎஸ்ஸில் இணைந்த நாளில் அதற்கு 30. வைஃபை வெல்லும், பில்லிங் நின்றுவிடும். சிக்னல் மங்கி 150-இல் இணைந்த நாளில் வைஃபைக்கு 40 போடப்படும். கேபிள் வெல்லும், பில்லிங் ஓடும். வைஃபை நன்றாக இருக்கும் நாளில்தான் கடையில் பில் போட முடியாமல் போகிறது என்பது முதலில் கேட்கும்போது விந்தையாகத்தான் இருக்கும். (அட்டவணையில் 286, 291 என்று பெரிதாகத் தெரிவது, நேரடி வரிகளுக்கு விண்டோஸ் 256 சேர்த்துக் காட்டுவதால். கையால் எழுதிய கேட்வேக்கும் அதே 256 சேர்ந்துகொள்ளும். ரௌட்டர் தானாகக் கொடுத்த கேட்வேக்குச் சேராது. அதனால்தான் இணையம் எப்போதும் வைஃபை வழியாகவே போகிறது.)

இந்த விவரத்தைப் படித்ததும், கேபிளின் மெட்ரிக்கைக் கையால் 10 என்று எழுதிவிட்டால் போதுமே என்று தோன்றும். பலரும் அந்த ஆலோசனையைத்தான் சொல்கிறார்கள். உங்கள் நிலையில் நான் அதை ஏற்கமாட்டேன். கேபிளின் மெட்ரிக் குறைந்தால் 192.168.1.1 என்ற ரௌட்டரின் முகவரியும் கேபிள் பக்கம் தேடப்படும். ரௌட்டரின் அமைப்புப் பக்கம் திறக்காது. பில்லிங் சரியாகி இணையத்தில் புதுத் தொந்தரவு முளைக்கும். இரண்டு நெட்வொர்க்குகளும் வெவ்வேறு எண்ணில் இருந்து, எது முதன்மை என்று மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில்தான் மெட்ரிக் உதவும். ஒரே எண் என்ற நோயை அது தீர்க்காது.

இந்த எண் மோதல் இவ்வளவு சாதாரணமாக நடக்கக் காரணம் உண்டு. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மூன்று முகவரித் தொகுதிகளை 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நடைமுறை ஆவணம் ஒதுக்கியது. 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை ஒன்று, 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை ஒன்று, 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை ஒன்று. ஒன்றே முக்கால் கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள். இருந்தும் கடையில் விற்கும் ரௌட்டர்களில் ஏராளமானவை 192.168.0 அல்லது 192.168.1 என்ற எண்ணோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. பில்லிங் சர்வரை நிறுவியவரும் அதே எண்ணைத்தான் எழுதியிருப்பார். இரண்டும் தனித்தனியாக இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. உங்கள் கணினி இரண்டிலும் கால் வைத்த அன்று மோதல் தொடங்கியது.

ஆகவே ஒரு பக்கத்தின் எண்ணை மாற்ற வேண்டும். எந்தப் பக்கம்? சர்வர் பக்கத்தைத் தொடாதீர்கள். அங்கே சர்வர், பிரிண்டர், ஒருவேளை எடை இயந்திரம், வருகைப் பதிவுக் கருவி என்று கையால் முகவரி எழுதிய கருவிகள் இருக்கும். ஒன்றை மறந்தாலும் மறுநாள் காலையில் கடை நிற்கும். ரௌட்டர் பக்கம் இருப்பவை கைப்பேசிகளும் மடிக்கணினிகளும்தான். அவை ரௌட்டர் கொடுக்கும் முகவரியை வாங்கிக்கொள்ளும், எதுவும் கேட்காது. ரௌட்டரோடு கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவி இணைந்திருந்தால் மட்டும் அதன் முகவரியையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

வேலையைக் கடை மூடிய பிறகு செய்யுங்கள். முதலில் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் ரௌட்டரைத் தேடுவதிலேயே இதே குழப்பம் வரும். வைஃபையில் மட்டும் இருந்துகொண்டு பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து ரௌட்டருக்குள் நுழைந்து, லேன் அமைப்பு என்ற பகுதிக்குப் போங்கள். ரௌட்டரின் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். மாஸ்க் 255.255.255.0 அப்படியே இருக்கட்டும். அதே பக்கத்திலோ அடுத்த பக்கத்திலோ டிஎச்சிபி வரம்பு (ரௌட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் எல்லை) இருக்கும், அதை 192.168.50.100 முதல் 192.168.50.200 வரை என்று எழுதுங்கள். சேமித்ததும் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பயப்பட வேண்டாம், ரௌட்டர் புதிய முகவரிக்குப் போய்விட்டது, உங்கள் கணினி இன்னும் பழைய முகவரியில் இருக்கிறது. வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் 192.168.50 என்று தொடங்கும் முகவரி வந்துவிடும்.

50 என்ற எண்ணை யோசித்துத்தான் சொல்கிறேன். முகவரியின் மூன்றாம் பகுதியில் 0, 1 இரண்டும் ஏராளமான ரௌட்டர்களின் எண். விண்டோஸின் இணையப் பகிர்வும் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் 192.168.137-ஐ எடுத்துக்கொள்ளும். மெய்நிகர் கணினி ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் 192.168.56-ஐ எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் யுஎஸ்பி வழியாக இணையம் பகிரும்போது 192.168.42 வரும். இவற்றைத் தவிர்த்து எதை வைத்தாலும் சரிதான்.

இணைய நிறுவனம் ரௌட்டரைப் பூட்டி வைத்திருந்து, உங்களால் எண்ணை மாற்ற முடியவில்லை என்றால், உங்களுக்கென்று ஒரு சிறிய ரௌட்டரை வாங்கி அதற்குப் பின்னால் வைத்து, அதில் 192.168.50 எண்ணை அமையுங்கள். இரண்டு ரௌட்டர்கள் அடுத்தடுத்து இருப்பதால் மின்னஞ்சலுக்கும் இணையதளத்துக்கும் எந்தக் குறையும் வராது. அதுவரை ஒரு கட்டுப் போட வேண்டுமானால், சர்வர் ஒன்றுக்கு மட்டும் தனி வழி எழுதலாம்: ‘ரூட் -பி ஆட் 192.168.1.10 மாஸ்க் 255.255.255.255 0.0.0.0 இஃப்’ (route -p add 192.168.1.10 mask 255.255.255.255 0.0.0.0 if) என்று அடித்து, கடைசியில் கேபிள் அடாப்டரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் ‘ரூட் பிரிண்ட்’ பட்டியலின் தலைப்பகுதியில் இடது ஓரத்தில் இருக்கும். நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்திருக்க வேண்டும். நான்கு பகுதியும் முழுமையாகப் பொருந்தும் வரி, மூன்று பகுதி பொருந்தும் வரியை எப்போதும் வெல்லும். மெட்ரிக் அங்கே பேச்சுக்கே வராது. ஆனால் பிரிண்டருக்கு இன்னொரு வரி, எடை இயந்திரத்துக்கு இன்னொரு வரி என்று இது வளர்ந்துகொண்டே போகும். நிரந்தரத் தீர்வாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கேட்வே. கேபிளின் ஐபிவி4 அமைப்பைத் திறந்து, முகவரி 192.168.1.5, மாஸ்க் 255.255.255.0 இரண்டையும் விட்டுவிட்டு, கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக்குங்கள். அந்த ஸ்விட்சின் பின்னால் இணையமே இல்லை, 192.168.1.1 என்று ஒரு கருவியும் இல்லை. “மற்ற எல்லா முகவரிகளுக்கும் இந்தப் பக்கம் போ” என்ற பலகைதான் கேட்வே. முட்டுச் சந்தில் அந்தப் பலகை எதற்கு? ஒரு கணினிக்கு எத்தனை அடாப்டர் இருந்தாலும் கேட்வே ஒன்றுதான் இருக்க வேண்டும், அது இணையம் உள்ள அடாப்டரில் இருக்க வேண்டும். இரண்டு கேட்வே வைத்தால் ஒன்று விழுந்ததும் மற்றொன்று தாங்கும் என்று எண்ணி வைப்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் உண்மையாக இணையம் இருந்தால்தான் அதற்குப் பொருள் இருக்கிறது. சர்வர் பக்கம் மாடியில் 192.168.2 என்ற இன்னொரு பிரிவும் அங்கே போக ஒரு ரௌட்டரும் இருந்தால், கேட்வேக்குப் பதிலாக அந்தப் பிரிவுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: ‘ரூட் -பி ஆட் 192.168.2.0 மாஸ்க் 255.255.255.0’, அதன் பின் அந்த ரௌட்டரின் முகவரி. ‘-பி’ இல்லாமல் எழுதினால் கணினியை மறுபடி தொடங்கும்போது வரி அழிந்துவிடும்.

கேட்வேயை நீக்கியதும் ஒரு பக்கவிளைவு வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு நெட்வொர்க் எது என்பதை விண்டோஸ் பெரும்பாலும் கேட்வேயின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. கேட்வே இல்லையென்றால் “அடையாளம் தெரியாத நெட்வொர்க்” என்று எழுதி, பொது இடத்தில் இருப்பதாகக் கருதி ஃபயர்வாலை இறுக்கிவிடும். உங்கள் கணினி சர்வரிடம் போய்க் கேட்பதை இது தடுக்காது. ஆனால் உங்கள் கணினியில் பகிர்ந்து வைத்த பிரிண்டரையோ கோப்புறையையோ மற்றவர்கள் திறக்க முடியாமல் போகும். “நேற்றுவரை பிரிண்ட் வந்ததே” என்று அடுத்த மேசையிலிருந்து குரல் வந்தால் காரணம் இதுதான். விண்டோஸ் ப்ரோ பதிப்பு என்றால் உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கை என்ற கருவியில் நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பகுதிக்குப் போய், அடையாளம் தெரியாத நெட்வொர்க்குகளைத் தனியார் (பிரைவேட்) வகையாகக் கருதும்படி அமையுங்கள். ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை. பவர்ஷெல்லில் ‘செட்-நெட்கனெக்‌ஷன்ப்ரொஃபைல்’ (Set-NetConnectionProfile) என்ற கட்டளையால் கேபிள் இணைப்பைத் தனியார் வகைக்கு மாற்றலாம்.

டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) கட்டத்தையும் கேபிள் பக்கம் காலியாக விடுங்கள். விண்டோஸ் 8 முதல், ஒரு பெயருக்கு முகவரி கேட்கும்போது எல்லா அடாப்டர்களின் டிஎன்எஸ் சர்வர்களிடமும் ஒரே நேரத்தில் கேட்கும் வழக்கம் வந்தது. பதிலே வராத ஒரு முகவரியை அங்கே எழுதி வைத்தால் சில தளங்கள் திறக்கத் தாமதமாகும். பில்லிங் மென்பொருள் சர்வரை முகவரியால் கூப்பிடாமல் பெயரால் கூப்பிடுகிறது என்றால், விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 192.168.1.10 என்று எழுதி, ஓர் இடம் விட்டு, சர்வரின் பெயரை எழுதிவிடுங்கள். அதன் பிறகு அந்தப் பெயருக்கு யாரையும் கேட்க வேண்டிய தேவை கணினிக்கு இராது.

இப்போது கேபிளைச் செருகி, மறுபடி ‘ரூட் பிரிண்ட்’ பாருங்கள். 0.0.0.0 வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், வைஃபையில். 192.168.1.0 கேபிளில் மட்டும், 192.168.50.0 வைஃபையில் மட்டும். சர்வரைப் பிங் செய்தால் 192.168.1.10 என்ற முகவரியே பதில் சொல்ல வேண்டும். சர்வரில் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருந்தால் பதில் வராது. அப்போது ‘ஏஆர்பி -ஏ’ (arp -a) கொடுத்து, 192.168.1.5 என்ற தலைப்பின் கீழ் சர்வரின் மேக் முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் பாதை சரி.

உங்கள் கடையில் இதோடு முடிந்துவிடும். ஆனால் இதே அறிகுறியோடு வேறு காரணங்களால் அவதிப்படுபவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் நான் அடிக்கடி பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் மோசமானது இணையப் பகிர்வு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சகத்தில், காலை பதினோரு மணிக்குப் பிறகு கணினிகள் ஒவ்வொன்றாக சர்வரை இழந்தன. மறுதொடக்கம் செய்த கணினிகள்தான் முதலில் விழுந்தன. ஒவ்வொன்றாக முகவரியைப் பார்த்துக்கொண்டே போனேன்; நான்காவது கணினியில்தான் உறைத்தது. விழுந்தவை எல்லாமே 192.168.137 என்று தொடங்கின. யாரோ ஒருவர் தன் மடிக்கணினியின் கைப்பேசி இணையத்தை அலுவலகக் கேபிள் பக்கம் பகிரும் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். அந்த நொடியிலிருந்து அந்த மடிக்கணினி 192.168.137.1 என்று தனக்கு முகவரி வைத்துக்கொண்டு, அலுவலகம் முழுமைக்கும் டிஎச்சிபி முகவரி வழங்கத் தொடங்கியிருந்தது. ரௌட்டரைவிட முந்திக்கொண்டு பதில் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு கணினி அதன் பக்கம் போனது. அந்த டிக்கை எடுத்து, எல்லாக் கணினிகளிலும் முகவரியைப் புதுப்பிக்க ஐந்து நிமிடம். கண்டுபிடிக்க மூன்று மணி நேரம். 192.168.137 என்ற எண்ணை எங்கே கண்டாலும் உடனே பகிர்வைச் சந்தேகியுங்கள். இதைப் போலவே, இரண்டு அடாப்டர்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் வரும் ‘பிரிட்ஜ்’ என்ற தேர்வையும் தொடாதீர்கள். அது இரண்டு நெட்வொர்க்குகளையும் ஒன்றாக ஒட்டிவிடும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

கேபிள் கார்டு பழுதாகிப் புதிய கார்டு போட்டவர்களுக்கு, பழைய முகவரியை எழுதும்போது “இந்த முகவரி ஏற்கெனவே வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது” என்று விண்டோஸ் சொல்லும். கழற்றிய கார்டின் அமைப்பு விண்டோஸின் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) இன்னும் கிடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த கருவிகளைக் காட்டச் சொன்னால் மங்கலான நிறத்தில் அது தெரியும், நீக்கிவிடுங்கள். நீங்கள் இரண்டு முறை வைஃபை அடாப்டர் மாற்றியிருக்கிறீர்கள் அல்லவா, விண்டோஸை நிறுவிய பிறகும் மாற்றியிருந்தால் உங்களிடமும் ஒரு மங்கலான பெயர் இருக்கும்.

மென்பொருள் எழுதுபவர்களின் கணினியில் கண்ணுக்குத் தெரியாத அடாப்டர்கள் நிறைய இருக்கும். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் இயல்பாக 172.17.0.0 தொகுதியை எடுத்துக்கொள்ளும். அலுவலக நெட்வொர்க்கும் 172.17 என்றால் சில சர்வர்கள் மட்டும் மர்மமாகக் கிடைக்காமல் போகும். விண்டோஸின் மெய்நிகர் கணினி வசதியான ஹைப்பர்-வியின் இயல்பு ஸ்விட்ச் 172-இல் தொடங்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும், அது ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் மாறக்கூடும். விபிஎன் வழியாக வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வீட்டு ரௌட்டரும் அலுவலகமும் 192.168.1 என்றால் உங்கள் கடையின் கதை அப்படியே நடக்கும். மருந்தும் அதேதான்: வீட்டு ரௌட்டரின் எண்ணை மாற்றுவது.

இரண்டு கருவிகளுக்கு உண்மையிலேயே ஒரே முகவரி அமைந்துவிடும் நிலை வேறு. அப்போது விண்டோஸ் முகவரி மோதல் என்று அறிவிக்கும்; ஈவென்ட் வியூவரில் 4199 என்ற எண்ணுள்ள பதிவில் எதிராளியின் மேக் முகவரியும் இருக்கும். அந்த மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றானால் அது தொழிற்சாலையில் பொறித்த முகவரி இல்லை. பெரும்பாலும் கைப்பேசி தானாக உருவாக்கிக்கொண்ட முகவரி, அல்லது மெய்நிகர் கணினியின் முகவரி. டிஎச்சிபி வரம்புக்கு உள்ளேயே யாரோ கையால் ஒரு முகவரியை எழுதிவிட்டார்கள் என்பதுதான் வழக்கமான காரணம். முகவரியின் கடைசிப் பகுதியில் கையால் எழுதுவது 2 முதல் 99 வரை, ரௌட்டர் கொடுப்பது 100-க்கு மேல் என்று பிரித்துவிட்டால் இது திரும்ப வராது.

கேபிளைச் செருகியதும் வைஃபை தானாகவே துண்டிக்கப்படுவது மோதல் இல்லை. ஒரே நேரத்தில் பல இணைப்புகள் வேண்டாம் என்று விண்டோஸில் ஒரு கொள்கை இருக்கிறது. சில அலுவலக மடிக்கணினிகளின் பயாஸிலும் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கே தேடுங்கள். லினக்ஸில் எந்த வழி தேர்வாகிறது என்று பார்க்க ‘ஐபி ரூட் கெட் 192.168.1.10’ ஒன்றே போதும். அங்கே நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று நிலையாகவே எண் போடுவதால் இன்று ஒன்று நாளை ஒன்று என்ற ஆட்டம் குறைவு.

நெட்வொர்க்கை ரீசெட் செய்யுங்கள் என்ற ஆலோசனை உங்களுக்கும் வந்திருக்கும். முதலில் அதைச் செய்யாதீர்கள். கையால் எழுதிய முகவரி, கஷ்டப்பட்டு எழுதிய வழி எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் ஒரே எண் இருப்பதை மட்டும் தொடாது. நீங்கள் விண்டோஸைப் புதிதாக நிறுவியும் ஏன் பலனில்லை என்பதற்கும் இதுவே விளக்கம்: கோளாறு கணினிக்கு வெளியே, ரௌட்டரில் இருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். கேபிள் அடாப்டரின் நிலையைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். ஸ்விட்சின் மேல் ஜிகாபிட் என்று எழுதியிருந்தும் இங்கே 100 எம்பிபிஎஸ் காட்டினால், கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கக்கூடும். 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கும் வேண்டும். வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். வேகம் ஏறினால் பழைய கேபிளின் முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்து, அப்போதும் ஏறாவிட்டால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.